தெல்மா ஓல்ட்ராய்டும் சிறந்த பால்கனிக் கோப்பையும்

தெல்மா ஓல்ட்ராய்ட் குடியிருப்புக் குழுவில் சேர்ந்தது ஊருக்கு நல்லது செய்ய அல்ல. புல் வெட்டுகிறவன் மேல் இருந்த ஆத்திரம்தான் காரணம்.

யார்க்‌ஷயரில் கம்பளி ஆலைகளெல்லாம் மூடிப்போன ஓர் ஊரின் மேட்டுப் பக்கத்தில் இருக்கிறது ரூக்ஸ் ஹில். எல்லாம் நகராட்சியின் வாடகை வீடுகள். வரிசை வீடுகளுக்கு நடுவே யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி பத்து மாடியில் ஒரே ஒரு கட்டடம், ஹெதர் கோர்ட். அதன் இரண்டாம் மாடியில் தெல்மா குடியிருந்தாள். தன் சன்னலுக்கு நேர் கீழே, நடைபாதை ஓரப் புல்லில், யாரையும் கேட்காமல் டாஃபடில் கிழங்குகளைப் புதைத்து வைத்திருந்தாள். வருஷா வருஷம் ஏப்ரலில் அவை மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதே வாரம் நகராட்சி ஆள் புல்வெட்டி வண்டியில் ஏறி வந்து அத்தனையின் தலையையும் சீவிவிட்டுப் போவான்.

ஒரு வருஷம் அவள் வீட்டுச் செருப்போடு இறங்கிவந்து வண்டியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்பா, அது பூவுன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரியுது. புல்ல வெட்டுன்னு சொல்லியிருக்காங்க. பூவ விட்டுட்டு வெட்டுன்னு யாரும் சொல்லலையே."

"யாரு சொல்லணும்?"

"கமிட்டிக்காரங்க. அங்க போய்க் கத்து. என் காது ஏற்கெனவே போச்சு, இந்த வண்டியால."

தெல்மாவுக்குக் கத்துவது புதிதல்ல. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போட்டவள். கரண்டி, தட்டு, முந்நூறு பிள்ளைகள் என்று எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஏறிப் பேசிப் பழகிய குரல். வேலையை விட்ட பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் ரகசியம் சொன்னால் ஓட்டுநர் பதில் சொல்வார்.

அவள் வாழ்க்கையில் ரகசியம் என்று பெரிதாக எதுவும் இல்லை. இருந்த ஒன்றும் பத்து மாடிக்கும் தெரியும். மகள் கல்யாணமாகி லீட்ஸுக்குப் போன வருஷம், கணவன் கிளிஃபர்ட் ஒன்பதாம் மாடியில் பாலின் என்ற விதவை வீட்டுக்குச் சுவரில் அலமாரிப் பலகை மாட்டிக் கொடுக்கப் போனான். போனவன் இறங்கி வரவில்லை. மூன்றாம் நாள் தெல்மா அவன் துணிமணிகளைக் குப்பைப் பைகளில் கட்டி, லிஃப்டுக்குள் வைத்து, ஒன்பதாம் எண்ணை அமுக்கிவிட்டு வெளியே வந்துவிட்டாள். இருவருடைய விவாகரத்தில் சடங்கு என்று நடந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் மூன்று பேருக்கும் அதே ஒரு லிஃப்ட். அவள் ஏறினால் உள்ளே அவன் இருப்பான். "குளிரா இருக்கு," என்பான். ஜூலை மாதத்திலும் அதையேதான் சொல்வான். அவள் எண் பலகையை முறைத்துக்கொண்டு நிற்பாள். பாலின் தனியாக மாட்டிக்கொண்டால் அவளுக்குக் கைப்பையில் ஏதோ அவசரமாகத் தேடவேண்டி வந்துவிடும். வயதாக ஆக கிளிஃபர்டின் முழங்கால் மோசமாயிற்று, லிஃப்டும் மோசமாயிற்று. அது நின்றுபோன வாரங்களில் அவனால் கீழே வரமுடியாது. அந்த வாரங்களில் தெல்மா இரண்டு மாடிப் படி ஏறி இறங்கியதில் ஒரு சிரமமும் கண்டதாகத் தெரியவில்லை.

குழு மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சமூகக் கூடத்தில் கூடும். புல் வெட்டுவது, படிக்கட்டு கழுவுவது, மக்கள் தெருவில் தூக்கிப் போட்ட பழைய சோபாக்களை அள்ளுவது எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. ரூக்ஸ் ஹில்லின் நன்மைக்கென்று நகராட்சி வருஷம்தோறும் கொடுக்கும் சமூக நிதியை எதற்குச் செலவழிப்பது என்று சண்டை போடுவது இன்னொரு வேலை. தலைவர் ரேமண்ட் டோர்டாஃப், ஓய்வு பெற்ற பேருந்துப் பரிசோதகர். கூட்டத்துக்கு வருகிறவர்களை இன்றும் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். நகராட்சி சார்பில் ஷாஸியா மிர் என்ற இளம் அதிகாரி வருவாள். கெட்டிக்காரி. ஆனால் எதைக் கேட்டாலும் "குறிச்சுக்கிறேன்" என்பாள்.

தெல்மா உள்ளே வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷாஸியாவைப் பார்த்து, "கண்ணு, என் பூவை எவன் வெட்டச் சொன்னான்?" என்றாள்.

ரேமண்ட் பென்சிலால் மேசையைத் தட்டினார். "உறுப்பினர்கள் மட்டுந்தான் விஷயத்தை எழுப்பலாம்."

"உறுப்பினர் ஆவறது எப்படி?"

"இடம் காலியா இருக்கணும். குளிர்காலத்துல மிஸ்டர் பாட்ஸ் தவறிட்டார். அவர் இடம் ஒண்ணு இருக்கு, ஆனா..."

"பாட்ஸ் உக்காந்த நாற்காலி எது?"

யாரோ கையைக் காட்டினார்கள். தெல்மா போய் அதில் உட்கார்ந்துகொண்டாள். எழுப்ப யாருக்கும் தைரியம் வரவில்லை. குழுவில் அவள் தேர்ந்தெடுக்கப்பட்டது இப்படித்தான்.

"எது பேசினாலும் தலைவர் மூலமாத்தான் பேசணும்," என்றார் ரேமண்ட்.

"அந்தப் பொண்ணு எனக்கு நேர் எதிர்ல உக்காந்திருக்கு. நேர் பஸ் இருக்கறப்ப நான் எதுக்கு டிப்போ சுத்திப் போகணும்?"

அன்றைக்குத் தொடங்கிய பகை. அவர் அவளை 'மிசஸ் ஓல்ட்ராய்ட்' என்று மட்டும்தான் அழைப்பார், அதையும் அபராதம் விதிக்கிற தொனியில். அவள் அவரைக் 'கண்டக்டர்' என்பாள். பரிசோதகருக்கு அதைவிட அவமானம் கிடையாது.

தெல்மா சேர்ந்ததால் குழு திருந்திவிட்டது என்று யாரும் நினைக்கவேண்டாம். முதல் வருஷம் அவள் தொண்டை கிழியப் பேசிச் சமூக நிதியில் ஒரு கரோக்கே பெட்டி வாங்க வைத்தாள். கிழவர்களுக்குப் பொழுதுபோகும் என்றாள். வெள்ளிக்கிழமை தவறாமல் கசாப்புக் கடைக்காரர் ஒருவர் வந்து அதைப் பிடித்துக்கொண்டு கூடம் பூட்டும்வரை அழுதுகொண்டே காதல் பாட்டுப் பாடினார். கூடத்துக்கு மிக அருகில் இருந்த சன்னல் தெல்மாவுடையது. அடுத்த ஈஸ்டருக்குள் அந்தப் பெட்டி 'பழுதாகிவிட்டது'. எப்படி என்று ரேமண்ட் கேட்டார். "தண்ணி பட்டிருக்கும்," என்றாள் தெல்மா.

ரேமண்டுக்குச் செல்லமான திட்டம் ஒன்று இருந்தது. வருஷாவருஷம் சிறந்த பால்கனிக்குப் பரிசு. பரிசு என்பது பேருந்து டிப்போவில் பலகையில் குட்டி அம்பு எறிகிற போட்டிக்குக் கொடுத்துவந்த பழைய வெள்ளிமுலாம் கோப்பை. இரண்டு காதும் வயிறுமாக நல்ல பெரிய பாத்திரம். அந்தக் கோடையில் நடுவர்களாக அவரும் ஷாஸியாவும் தெல்மாவும் அமைந்தார்கள். மூவரும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, ரேமண்ட் பறவை பார்க்க வைத்திருந்த தொலைநோக்கியை மாற்றி மாற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டார்கள். நகராட்சி ஆட்கள் தங்களை வேவு பார்க்கிறார்கள் என்று பயந்து இரண்டு வீட்டுக்காரர்கள் திரையை இழுத்துவிட்டார்கள்.

"அதோ, மேல," என்றாள் தெல்மா. "சிவப்பும் ஊதாவுமா வழியுது பாருங்க. ஒரு குள்ளன் பொம்மை வேற நிக்குது, கால்சட்டைய இறக்கிவிட்டுட்டு. மத்ததெல்லாம் துணி காயப்போடற இடம். அதுக்குத்தான் குடுக்கணும்."

அவள் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். மற்ற இருவரும் ஒத்துக்கொண்டார்கள். ஷாஸியா மாடியையும் சன்னலையும் எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒன்பதாம் மாடி. பாலின் வெதெரில்," என்றாள். அவளுக்கு ஊர்க்கதை தெரியாது.

ரேமண்டுக்குத் தெரியும். தொண்டையைச் செருமினார். "ரெண்டாவதா நல்லா இருக்கறதுக்கு வேணும்னா..."

தெல்மா தொலைநோக்கியை மறுபடி வாங்கி நெடுநேரம் பார்த்தாள். அந்த வீட்டுக்குள் அவள் ஒருநாளும் போனதில்லை. வெளியிலிருந்து அது எது என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

"பூ நல்லா இருக்கு," என்றாள் கடைசியில். "யார் தண்ணி ஊத்தினா என்ன."

பரிசு கொடுக்கிற நாள் வந்தது. கூடத்தில் தேநீர் குடித்துவிட்டு மூவரும் புறப்பட்டார்கள். ரேமண்ட் கழுத்துப்பட்டையும் பளபளக்கும் காலணியுமாக, கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். லிஃப்ட் அதிசயமாக அந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாம் மாடியைத் தாண்டியதும் ஒரு முறை முனகியது, ஒரு குலுக்குக் குலுக்கியது, நின்றுவிட்டது.

ஷாஸியா அவசர எண்ணை அழைத்தாள். வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்திருந்த ஒருத்தி எடுத்து, கட்டடத்தின் பெயரை எழுத்துக்கூட்டச் சொன்னாள். மெக்கானிக் வேறு இடத்தில் இருக்கிறார், முடிந்ததும் வருவார், அதுவரை அமைதியாக இருங்கள் என்றாள்.

"நாங்க அமைதியாத்தான் இருக்கோம்," என்று தெல்மா ஷாஸியாவின் கையிலிருந்த கைபேசிக்குள் கத்தினாள்.

பிறகு லிஃப்டின் சுவரில் சாய்ந்துகொண்டு, "மூணு பேர் இருந்தாக் கூட்டம் நடத்தலாம்னு விதி இருக்கில்ல கண்டக்டர்? அப்ப ஆரம்பிங்க. நாலாவது விஷயம், ஹெதர் கோர்ட் லிஃப்ட். மூணு வருஷமா 'பாகம் வரவேண்டியிருக்கு'ன்னு வாசிக்கிறீங்களே, அந்தப் பாகம் இப்ப எந்த ஊர்ல வந்துக்கிட்டிருக்கு?" என்றாள்.

ரேமண்டின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்.

தெல்மா பயந்துபோனாள். "நெஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"பின்ன எங்க வலிக்குது?"

"வலி இல்ல."

"என்னன்னு சொன்னாத்தானே தெரியும்."

ரேமண்ட் கதவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "டாக்டர் ஒரு மாத்திரை குடுத்திருக்கார். தண்ணியா இறங்கறதுக்கு. காலைல போட்டுக்கிட்டேன். அப்புறம் டீயும் குடிச்சிட்டேன்."

ஷாஸியா கூரையைப் பார்த்தாள். நகராட்சி கொடுத்த பயிற்சியில் இது இல்லை.

"எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றாள் தெல்மா.

"தாங்காது."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். ஷாஸியாவின் பையில் காகிதங்கள். தன் பையில் கம்பளி நூல். பிறகு அவள் பார்வை கோப்பையில் போய் நின்றது. ரேமண்ட் அதை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"இது டிப்போ கோப்பை, மிசஸ் ஓல்ட்ராய்ட்."

"அது ஓட்டை இல்லாத கோப்பை. அதுதான் இப்ப முக்கியம். ஷாஸியா கண்ணு, சுவத்தப் பாத்துத் திரும்பி நில்லு. காதப் பொத்திக்க. நானும் திரும்பிக்கிறேன். நான் பாடறேன், உங்களுக்குக் கூச்சமா இருக்காது."

அவளுக்கு முழுசாகத் தெரிந்த பாட்டெல்லாம் பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் பாட்டுகள்தான். நல்ல வெயில் காலத்தில், ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவிலிருந்து, பாலன் பிறந்த கதை கட்டடம் முழுக்கக் கேட்டது. ஷாஸியாவும் காதைப் பொத்தியபடியே சேர்ந்து பாடினாள். பிறகு அதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம்."

"பாட்டு தீந்துபோச்சு."

"முதல்லேர்ந்து பாடுங்க," என்றார் ரேமண்ட், கெஞ்சுகிற குரலில்.

முடிந்த பிறகு அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. வெகுநேரம் கழித்து, "அந்தப் பாகத்தைப் பத்தி நான் கேட்டதே இல்ல தெல்மா," என்றார். "வரும்னு சொன்னாங்க. வாசிச்சேன். என் வீட்டுல மாடியே கிடையாது." அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அந்தப் பாகத்தைப் பற்றித் தெல்மாவும் அதுவரை கேட்டதில்லை, லிஃப்ட் நின்றால் கிளிஃபர்ட் கீழே வரமாட்டான் என்ற காரணத்துக்காக. அவள் அதைச் சொல்லவில்லை.

மெக்கானிக் வந்து கதவை நெம்பித் திறந்தான். லிஃப்ட் ஏழாம் மாடித் தரைக்கு ஒரு முழம் கீழே நின்றிருந்தது. தெல்மா முதலில் ஏறி, கோப்பையை வாங்கிக்கொண்டு, மற்ற இருவருக்கும் கை கொடுத்தாள். படிக்கட்டு மூலையில் யாரோ ஒரு ரப்பர் செடித் தொட்டி வைத்திருந்தார்கள். கோப்பையில் இருந்ததை அதில் கவிழ்த்தாள்.

"செடி செத்துப்போயிட்டா?" என்றாள் ஷாஸியா.

"நல்லாவும் வளரலாம். பூப் போட்டிக்குச் சேத்துக்குவோம்." ரேமண்டின் கைக்குட்டையை வாங்கிக் கோப்பையை உள்ளும் புறமும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். "போனவுடனே குழாயில அலம்பிடலாம். வாங்க."

ஆனால் அலம்ப வழியில்லை. ஒன்பதாம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாலின் வாசலிலேயே காத்திருந்தாள். புதுச் சட்டை, சுருட்டி விட்ட தலைமுடி. உள்ளே வரவேற்பறையில் அக்கம்பக்கத்து ஆட்கள். மேசையில் ஹாம் சாண்ட்விச், ஸோசேஜ் ரோல், ஸ்கோன். நடுவில் நாற்காலியில் கிளிஃபர்ட், முக்காலியில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு புட்டி நுரை ஒயினோடு. தெல்மாவைக் கண்டதும் பாலினின் சிரிப்பு பாதியில் நின்றது. தெல்மா இந்த வீட்டு வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

ரேமண்ட் நேராகச் சமையலறைப் பக்கம் நடந்தார். அதற்குள் கிளிஃபர்ட் கையை நீட்டிக் கோப்பையை வாங்கிவிட்டான்.

"அது வந்து, முதல்ல கொஞ்சம்..." என்றார் ரேமண்ட்.

"பேச்செல்லாம் அப்புறம் தலைவரே. கால்பந்துல ஜெயிச்சவன் எப்படிக் குடிப்பான்? இப்படித்தான்." புட்டியின் மூடி பறந்தது. ஒயின் கோப்பையில் நுரைத்துக்கொண்டு இறங்கியது.

ரேமண்ட் சுண்ணாம்பாக வெளுத்துப்போனார். ஷாஸியா வாயைத் திறந்தாள், மூடினாள், தெல்மாவைப் பார்த்தாள்.

தெல்மாவுக்கு நேரம் தாராளமாக இருந்தது. ஒரு வார்த்தை போதும். சொல்லத்தான் வாயெடுத்தாள் என்று இன்றும் சாதிப்பாள். ஆனால் கிளிஃபர்ட் முந்திக்கொண்டான்.

"என்ன தெல், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கற? என் பாலின் ஜெயிச்சது பொறுக்கலையா? உன் பூவத்தான் வருஷா வருஷம் மொட்டை போடறாங்களே." நாலு பேரைப் பார்த்துக் கண்ணடித்தான். நாலு பேரும் சிரித்தார்கள்.

"குடி கிளிஃபர்ட்," என்றாள் தெல்மா. "நல்லாக் குடி."

அவன் இரண்டு காதையும் பிடித்துத் தூக்கி, தொண்டைக்குழி ஏறி இறங்கக் குடித்தான். நாக்கைச் சப்புக்கொட்டினான். "மலிவுச் சரக்கு," என்றான். "லேசா உப்புக் கரிக்குது." இன்னொரு மடக்குக் குடித்துவிட்டு, "இந்தா பாலின், நீ குடி," என்று நீட்டினான்.

பாலின் கையில் கோப்பை போய்ச் சேர்ந்துவிட்டது. உதடுவரை போவதற்குள் தெல்மா அறையைக் கடந்து அதைப் பிடுங்கினாள்.

"நீ வேண்டாம்."

பதினெட்டு வருஷத்துப் பொறாமை இன்றைக்கு வெடித்துவிட்டது என்று அங்கே இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். பாலினின் கழுத்துவரை சிவந்துவிட்டது. தெல்மா அவள் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய், கதவைச் சாத்தி, ஒயினைத் தொட்டியில் கொட்டினாள்.

"இது என் வீடு தெல்மா," என்றாள் பாலின். "திட்டணும்னா திட்டு. எல்லார் முன்னாடியும் வேண்டாம்."

"திட்ட வரல. இதுல ரேமண்ட் ஒண்ணுக்குப் போயிட்டாரு."

பாலினுக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. "எப்ப?"

"இப்பத்தான். லிஃப்டுல. துடைச்சேன், கழுவல."

பாலின் மூடிய கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் கிளிஃபர்ட் ஸ்பெயின் நாட்டு ஒயினைப் பற்றி யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு குடிச்சான்?"

"பாதிக்கு மேல."

பாலின் துணி துவைக்கிற யந்திரத்தில் சாய்ந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று தெல்மா நினைத்தாள். பாலின் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, புறங்கையைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். தெல்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. வெளியே இருந்தவர்கள் அடிதடி நடக்கிறது என்று எண்ணிக் கதவைத் தட்டினார்கள்.

"ஒண்ணு சொல்லவா," என்றாள் பாலின், மூச்சு வந்த பிறகு. சுவரோரமாகக் கையைக் காட்டினாள். அங்கே ஒரு மரப்பலகை நிமிர்த்திச் சாத்தி வைத்திருந்தது. தூசி படிந்திருந்தது. "அந்த அலமாரிப் பலகை. இன்னி வரைக்கும் மாட்டல."

தெல்மா பலகையைப் பார்த்தாள். "என் வீட்டுக் குளியலறைக் கதவையும் அப்படியேதான் விட்டுட்டு வந்தான். இன்னும் சாத்தாது."

கோப்பையைக் கொதிநீரும் பிளீச்சும் விட்டு இருவருமாகத் தேய்த்தார்கள். பிறகு வெளியே வந்து, ரேமண்ட் குழறிக் குழறிப் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமல். பார்த்தால் மறுபடி ஆரம்பித்துவிடும்.

அதற்குப் பிறகு ரேமண்டைப் பிடிக்க முடியவில்லை. மடக்கு நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், லிஃப்ட் வாசலை அடைத்தாற்போலப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பாகம் எங்கே என்று போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் கேட்டார். பேருந்தில் டிக்கெட் கேட்ட அதே குரல். எந்தப் பாகம் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். தேடிப் பார்த்ததில் எந்தப் பாகத்தையும் யாரும் எப்போதும் வரவழைக்கவே இல்லை என்று தெரிந்தது. அடுத்த வசந்தத்தில் ஹெதர் கோர்ட்டுக்குப் புது லிஃப்ட் வந்தது. அதில் ஒரு பெண்குரல் ஒவ்வொரு மாடியின் எண்ணையும் கொஞ்சலாகச் சொல்லும். "யாருடி இவ?" என்றாள் தெல்மா முதல் நாள். "காலைலயே இவ்வளவு சந்தோஷம் ஆகாது."

பாலின் குழுவில் சேர்ந்தாள். எந்த ஓட்டெடுப்பிலும் இரண்டு பெண்களும் ஒரே பக்கம் கை தூக்கினார்கள். சிலசமயம் மூன்றாவதாக ரேமண்டின் கையும் எழும். சமூக நிதியில் பிள்ளைகளுக்குப் பந்தடிக்க ஒரு சுவரும், கிழவர்களுக்கு வாரம் ஒருநாள் சூடான சாப்பாடும் கிடைத்தன. பிரிட்லிங்டன் கடற்கரைக்கு ஒரு பேருந்துப் பயணமும் போனார்கள். அன்று முழுக்க மழை. எல்லோரும் பேருந்துக்குள்ளேயே மீனும் சிப்ஸும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். நல்ல பயணம் என்றே பேர். புல் வெட்டுகிறவன் மட்டும் மாறவில்லை. குழு முறைப்படி தீர்மானம் போட்டுச் சொன்ன வருஷமும் வந்தான், சீவினான், போனான்.

ரேமண்டுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது தெல்மா தலைவரானாள். அதைப்போல ஒரு தண்டனை அவளுக்குக் கிடைத்ததில்லை. தலைவர் நடுநிலையாக இருக்கவேண்டுமாம், குறுக்கே பேசக்கூடாதாம். மூன்றாவது கூட்டத்தில் யாரோ அரைமணி நேரம் நாய்க்கழிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் எழுந்து, "நான் பழைய இடத்துக்குப் போறேன். இங்க இருந்து ஒண்ணும் சொல்ல முடியல," என்று ஓரத்து நாற்காலிக்குப் போய்விட்டாள். ரேமண்ட் தையல் பிரிப்பதற்கு முன்பே திரும்பி வரவேண்டியதாயிற்று.

கிளிஃபர்டுக்கு விஷயம் இன்றுவரை தெரியாது. தான் சிப்ஸுக்கு உப்புப் போடும்போதெல்லாம் இந்த இரண்டு பெண்களும் ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறான்.

பிறகு நகராட்சியில் செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். சுற்றியுள்ள மூன்று குடியிருப்புகளுக்கும் சேர்த்து ஒரே குழு, அதுவும் கணினித் திரையில் கூடும் என்றார்கள். ரூக்ஸ் ஹில் குழுவின் கடைசிக் கூட்டத்துக்கு ஷாஸியாவே வந்தாள். பதவி உயர்ந்து வேறு பிரிவுக்குப் போயிருந்தாள், ஆனாலும் வந்தாள். நன்றியுரை எல்லாம் ஆனபின், கூடத்துச் சாமான்கள் அனைத்தும் நகராட்சிக் கிடங்குக்குப் போகும் என்று வருத்தத்தோடு சொன்னாள்.

"டீ பாய்லருமா?" என்றாள் தெல்மா.

அது ஆளுயரத்தில் பாதி இருக்கும் பித்தளை நிறப் பாய்லர். அறுபது கோப்பை பிடிக்கும்.

"எல்லாந்தான் தெல்மா. விதி அப்படி." சொல்லிவிட்டு ஷாஸியா தன் காகிதங்களைப் பையில் அடுக்கத் தொடங்கினாள். வழக்கத்தைவிட மிக மெதுவாக அடுக்கினாள். முதுகைத் திருப்பிக்கொண்டு.

தெல்மா ரேமண்டைப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷம் பிறர் செய்த சின்னத் திருட்டுகளைப் பிடித்தவர் அவர். கழுத்துப்பட்டையைத் தளர்த்தி, சட்டைக்குள் செருகிக்கொண்டு, பாய்லரின் ஒரு பக்கக் காதைப் பிடித்தார்.

"உங்க பக்கம் தூக்குங்க," என்றார். "முதுக வளைக்காம."

பாலின் முன்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். மூவருமாகச் சாலையைக் கடந்தார்கள். ஒரு வேன்காரன் நிறுத்தி வழிவிட்டான். லிஃப்டுக்குள் பாய்லரை வைத்தபின் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது. பாலின் படியேறினாள். தெல்மாவின் சமையலறையில் மேசையை நகர்த்தி, நாற்காலிகளை நடைவழிக்குத் தள்ளி, ஒருவழியாக அதை நிறுத்தினார்கள். குழாயிலிருந்து குவளை குவளையாக மொண்டு ஊற்றினார்கள். ரேமண்ட் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"எவ்வளவு நேரமாகும்?" என்றாள் பாலின்.

"முக்கால் மணி. ஒரு மணிகூட ஆகலாம்."

"மூணு பேர் டீக்கு இவ்வளவு நேரமா?"

"அவசரம்னா உன் வீட்டுக்குப் போய்க் குடி," என்றாள் தெல்மா. பிஸ்கட் டப்பாவை எடுத்துப் பாய்லரின் மூடி மேல் வைத்தாள். மூவரும் கோட்டைக் கழற்றாமல் அதைச் சுற்றி நின்றுகொண்டு, புதுக் குழுவில் யாரையெல்லாம் சும்மா விடக்கூடாது என்று பேச ஆரம்பித்தார்கள்.